ஆராதனையில் ஒரு சொல்

மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக இலுக்கும்புறவுக்குச் செல்லும் மலைப்பாதையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சென்றால் ரிவர்ஸ்டன் என்னும் இடம் வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் இப்பகுதியை இன்று நாடறியச் செய்திருப்பவை அங்கு வீசும் காற்றும், நினைத்த பொழுதில் வந்து மூடும் பனியும், உச்சியில் நிற்கும் ஒலிபரப்புக் கோபுரமுமே. விடுமுறை நாட்களில் வந்திறங்கும் உல்லாசப் பயணிகள் வழியில் உள்ள தேயிலைச் சரிவுகளையும் லயங்களையும் கண்டும் காணாமலும் கடந்து செல்கின்றனர். ஆனால் இம்மலைப்புறத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அந்த லயங்களிலிருந்தே தொடங்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கிக் காட்டுவழியே நடந்து, வழியிலே பலரைப் புதைத்துவிட்டு மாத்தளையை அடைந்த மக்களின் சந்ததியார் வாழும் இடங்கள் அவை. அம்மக்களிற் பெரும்பாலோர் மாரியம்மனோடும் முருகனோடும் வந்தவர்கள். சிலர் கிறிஸ்தவர்களாக வந்தனர். சிலர் இங்கு வந்தபின் கிறிஸ்தவர்களாயினர். அவர்களுக்காக மலைநாட்டுத் தோட்டங்களில் சிறு கோயில்கள் எழுந்தன. அத்தகைய ஒரு கோயிலில் மக்களின் முன் நின்று ஆராதனை நடத்துவது எத்தகைய காரியம் என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்விதழின் வாசகர் சிலர் இப்பொருளைக் கண்டு புருவத்தை நெரிக்கக்கூடும். கூலி உயர்வும் காணியுரிமையும் தீராத பிரச்சினைகளாயிருக்கையில் கோயில் ஆராதனையைப் பற்றி ஆராய்வானேன் என்று அவர்கள் கேட்கலாம். உழைக்கும் மக்கள் வாரத்தில் ஒரு மணிநேரம் ஒன்றுகூடித் தங்கள் வாழ்வைத் தாமே வாய்விட்டுச் சொல்லக்கூடிய இடங்கள் தோட்டத்தில் எத்தனை உள்ளன? அந்த ஒரு மணிநேரத்தில் அவர்கள் சார்பாகப் பேசுபவன் யார், எந்த உரிமையிற் பேசுகிறான் என்பது சமயவாதிகளுக்கு மட்டும் உரிய வினாவன்று.

ஆராதனை நடத்துவதிலுள்ள இடர்ப்பாடுகள் என்றவுடன் வழக்கமாகச் சொல்லப்படுபவை சில உண்டு. குருவானவர் பல தோட்டங்களுக்கு ஒருவராயிருப்பார். மாதத்தில் ஒரு ஞாயிறே வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆசிரியரோ கிளாக்கரோ வாசகராக நின்று நடத்த வேண்டும். ஆறு நாள் மலையேறிக் கொழுந்து பறித்த கால்கள் ஏழாம் நாள் முழந்தாளிட மறுக்கும். பாட்டிலும் சிக்கல் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனையைத் தொடங்கினால் சபை பாடும். அந்நிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டைத் தொடங்கினால் ஆர்மோனியம் மட்டுமே பாடும்! இவையெல்லாம் உண்மையான இடர்கள்தாம். எனினும் பயிற்சியினாலும் பொறுமையினாலும் தீரக்கூடியவை. பயிற்சியினால் தீராத இடர் ஒன்று உண்டு. அது ஒரு சிறு சொல்லில் அடங்கியிருக்கிறது.

ஆராதனை நடத்துபவன் சபையை நோக்கும்போது ‘நாம்’ என்கிறான். ‘நாம் ஜெபிப்போம்’ என்று அழைக்கிறான். அடுத்த கணம் கடவுளை நோக்கித் திரும்பியதும் அவன் வாயில் ‘நாங்கள்’ என்ற சொல் வருகிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான். தமிழிலோ கேட்பவரையும் உட்படுத்துவது ‘நாம்’. கேட்பவரை விலக்கித் தன்னைச் சேர்ந்தாரை மட்டும் உட்படுத்துவது ‘நாங்கள்’. இந்த நுட்பம் நம் மொழியில் மிகப் பழையது. தன்மைப் பன்மை வினைமுற்றுக்களை வகுக்கும் நன்னூலார், அம், ஆம் என்னும் விகுதிகள் முன்னிலையாரை உளப்படுத்தும் என்றும், எம், ஏம், ஓம் என்பவை படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் பிரித்துக் காட்டினார். வினைமுற்றில் அவ்வேறுபாடு வழக்கொழிந்தது. இன்று ஓம் ஒன்றே இரண்டிற்கும் பயன்படுகிறது. ஆயினும் பெயரில் அது நிலைத்து நிற்கிறது. தமிழ் பேசும் எந்தக் குழந்தையும் இதிற் பிழை செய்வதில்லை.

ஆகவே தமிழில் ஜெபிப்பவன் தன்னையறியாமலே ஒரு கூற்றைக் கூறுகிறான். ‘நாங்கள்’ என்று அவன் சொல்லும்போது, ‘கடவுளே, உமக்கு எதிரே ஒரு கூட்டம் நிற்கிறது, நான் அக்கூட்டத்தில் ஒருவன், அவர்களுக்கு நேர்வது எனக்கும் நேர்கிறது’ என்பது அதன் பொருளாகிறது. இது வேண்டுகோளன்று, வாக்குறுதியுமன்று. உலக நடப்பைப் பற்றிய ஒரு கூற்று. எல்லாக் கூற்றுக்களையும் போல இதுவும் மெய்யாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம்.

மலையகத்தில் இக்கூற்றின் கதையைச் சிறிது பார்ப்போம். தோட்டத் தமிழரிடையே சீர்திருத்தக் கிறிஸ்தவ ஊழியம் ஒழுங்குபெற்றது 1854-இல். தமிழ்க் கூலி மிஷன் என்பது அதற்கு இடப்பட்ட பெயர். ஞானஸ்நானத்தில் ஒவ்வொரு மனிதனுக்கும் தனிப்பெயர் சூட்டும் ஒரு சமயம், தன் ஊழியத்திற்கு மட்டும் கங்காணியின் பேரேட்டிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டது! பிற்காலத்தில் அச்சொல் மறைந்தது. அது குறித்த உறவு அவ்வளவு விரைவில் மறையவில்லை. ஐரோப்பிய மிஷனரிமாரைச் சேர்ச் மிஷனரி சங்கம் அனுப்பியது. மக்களோடு நேரிற் பழகிய உபதேசியார்மார் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்தனர். அவர்களைப் பராமரிக்கும் செலவில் கோப்பித் தோட்டத் துரைமார் பங்கேற்றனர். பெரட்டுக்களத்தில் ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்புமுன் உபதேசம் செய்வதும் அக்கால வழக்கமாயிருந்தது. தப்பொலி கேட்டு இருளில் எழுந்துவந்து நிற்கும் மக்களுக்கு அந்த ஜெபமும் ஆள்கணக்கெடுப்பும் எங்ஙனம் வெவ்வேறாகத் தோன்றியிருக்கும்?

அங்கு நின்ற உபதேசியாரின் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள். அவர் பேசும் மொழி மக்களின் மொழி. அவர் உண்ணும் சோற்றின் ஒரு பகுதி துரையின் சந்தாவிலிருந்து வருவது. அவர் ‘நாங்கள்’ என்று தொடங்கும்போது அதில் யார் யார் அடங்குவர்? வேதத்தில் அவர் எடுத்து வாசிப்பதற்கு எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரம் உண்டு. ஊழியர் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்பது அங்குள்ள போதனை. அதே வேதத்தில் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரமும் உண்டு; வயலறுத்தவர்களுக்குக் கொடாமற் பிடித்துக்கொண்ட கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று அது பணக்காரரைச் சாடுகிறது. 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தைவிட்டுப் போன தொழிலாளியைச் சிறையிலடைக்க முடிந்தது. கங்காணியின் கடனோடு ஆளையும் கைமாற்றிய துண்டுமுறை 1921-இல்தான் ஒழிந்தது. அந்த ஆண்டுகளில் எந்த அதிகாரம் தோட்டங்களில் அடிக்கடி வாசிக்கப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பதற்குப் பெரும் ஆராய்ச்சி வேண்டியதில்லை.

இதை மட்டும் கூறி நிறுத்தினால் அந்த உபதேசியாருக்கு அநீதி செய்தவர்களாவோம். நம்மவரிற் பலர் இவ்விடத்தில் நிறுத்திவிடுவதுண்டு. கையாள் என்ற ஒரு சொல்லோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. தோட்டத்தில் எழுத்தறிந்த ஒருசிலரில் அவர் ஒருவர். ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியவனும், வந்த கடிதத்தை வாசிக்கக் கேட்க வேண்டியவளும் நாடிச் செல்லக்கூடிய ஆள் அவர். மிஷன் நடத்திய பள்ளிக்கூடங்களில் அகரம் கற்றவர்களின் பேரப்பிள்ளைகளே பின்னர் சங்கக் கூட்டங்களில் துண்டுப் பிரசுரம் வாசித்தவர்கள். பேர் போடும் இடத்தில் அரைப்பேருக்கு மேல் மதிப்பில்லாத பெண், கோயிலில் முழுப்பெயர் சொல்லி அழைக்கப்பட்டாள். இதைச் சிறிது என்று யார் சொல்ல முடியும்?

இன்னுமொன்று: ஆராதனையின் அமைப்பிலேயே ஒரு சமத்துவம் ஒளிந்திருக்கிறது. நடத்துபவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது. ஒரே அப்பம், ஒரே பாத்திரம். பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல ஆசனமும் கந்தை உடுத்தவனுக்குக் காலடியும் காட்டும் சபையை யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் கண்டிக்கிறது. கொரிந்துவில் வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்ண ஏழைகள் பசியோடிருந்த பந்தியை, அது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் தள்ளிவிட்டார். இந்தச் சமத்துவத்தை உடைக்காமல் ஆராதனை நடத்தத் தமிழ்க் கிறிஸ்தவர் பட்ட பாடு தனி வரலாறு. சபைகளில் சாதி பாராட்டலாகாதென்று கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன் 1833-இல் ஆணையிட்டபோது தஞ்சாவூரிற் பெருங்கிளர்ச்சி மூண்டது; சாதியை விட மனமின்றிச் சபையை விட்டவர் பலர். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் சாதிகளைப் பிரிக்க இரண்டு கூடங்களும் நடுவே சுவரும் எழுப்பினர். ஊரார் அதற்குக் காற்சட்டைக் கோயில் என்று பெயரிட்டனர். அச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அதுவரை அந்தப் பீடத்தில் நின்ற குருவானவர் ஒரே வாயால் ‘நாங்கள்’ என்று ஜெபித்தார். அச்சொல்லின் நடுவே செங்கற்சுவர் நின்றது. சுவரை இடித்தபின்னும் வழக்கு மன்றங்களை நாடியவர்கள் இருந்தார்களென்றால், அந்த ஒரு சொல்லை மெய்யாக்குவதற்கு என்ன விலை கொடுக்கவேண்டியிருந்தது என்பது விளங்கும்.

இங்கு இறையியலார் ஒரு தடை எழுப்புவர். ஆராதனையின் பயன் நடத்துபவனின் தகுதியைச் சார்ந்ததன்று என்பது அவர்கள் கொள்கை. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோம அரசின் துன்புறுத்தலுக்கு அஞ்சி வேத நூல்களை ஒப்படைத்த குருமார் கொடுக்கும் திருவருட்சாதனங்கள் செல்லா என்று வட ஆபிரிக்காவில் டோனாற்றியர் வாதிட்டனர். அகுஸ்தீன் அதனை மறுத்தார். கொடுப்பவன் கிறிஸ்துவே, குருவின் கறை அருளைக் கெடுக்காது என்றார். இவ்வாதத்தில் ஏழைகளுக்குச் சாதகமான நீதி ஒன்று இருப்பதை நாம் மறுக்கவில்லை. எங்கோ ஒரு குரு கோழையாயிருந்தான் என்பதற்காக ஒரு தாயின் கையிலுள்ள அப்பம் வெறும் மாவாகிவிடக் கூடாதன்றோ? ஆனால் அகுஸ்தீன் காத்தது அப்பத்தையே. ‘நாங்கள்’ என்ற சொல்லுக்கு அந்தக் காவல் இல்லை. அதைச் சொல்பவன் கிறிஸ்துவின் சார்பாகப் பேசவில்லை. மக்களின் சார்பாகப் பேசுகிறான். அது மெய்யா பொய்யா என்று தீர்க்க வல்லவர்கள் எதிரே அமர்ந்திருக்கும் மக்களே. அவர்கள் ‘ஆமென்’ என்று சொல்லும் குரலில் அத்தீர்ப்பு இருக்கும். ஆராதனை நடத்தியவர்கள் அக்குரலின் ஏற்றத்தாழ்வை நன்கு அறிவர்.

பழைய கதையை விட்டு அண்மைக்கு வருவோம். நாட்கூலி 1000 ரூபாய் வேண்டுமென்று தோட்ட மக்கள் பல ஆண்டுகள் போராடினர். 2021-இல்தான் அது வர்த்தமானியில் வெளிவந்தது. அப்போராட்டம் உச்சத்திலிருந்த ஒரு வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையை எண்ணிப் பாருங்கள். முன்வரிசையில் தோட்டத்து உத்தியோகத்தர் குடும்பம். பின்னே வேலைக்குப் போகாத மக்கள். அவர்களுள்ளும் ஒரு பாதி ஒரு சங்கம், மறு பாதி மற்றொரு சங்கம். மன்றாட்டு வேளை வருகிறது. நாட்டின் தலைவர்களுக்காக ஜெபிக்க வாசகம் உண்டு, நோயாளிகளுக்காக உண்டு, மழைக்காகவும் உண்டு. கூலிக்காக? அதைச் சொன்னால், கோயிலுக்குள் அரசியலைக் கொண்டுவந்தான் என்று ஒரு சாரார் முகஞ்சுளிப்பர். எந்தச் சங்கத்துக்குச் சார்பாகச் சொன்னான் என்று மற்றொரு சாரார் துருவுவர். சொல்லாவிட்டால், அந்த வாரம் முழுவதும் அம்மக்கள் வேறெதையும் பேசாதிருக்க, ஆராதனை மட்டும் எதுவுமே நடவாதது போல் நடந்து முடியும்.

ஒற்றுமையைக் குலைக்காமலிருப்பதற்காக மௌனம் சாதிப்பது பலருக்கு விவேகமாகத் தோன்றுகிறது. அங்ஙனம் காப்பாற்றப்படும் ஒற்றுமை யாருக்கு உரியது? மௌனத்தினால் முன்வரிசையின் அமைதி மட்டுமே காக்கப்படுகிறது. சங்கத்தின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. சொல்லவும் கூடாது என்பதே நம் கருத்து. ஆனால் அடுப்பின் பெயரைச் சொல்லலாம். இந்த வாரம் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எந்தக் கட்சியின் கொள்கையுமன்று. அதைச் சொல்லத் துணிபவன் மறுநாள் அதன் பலனையும் மக்களோடு அனுபவிக்க நேரும். அப்போதுதான் அவன் ஞாயிற்றுக்கிழமை சொன்ன ‘நாங்கள்’ திங்கட்கிழமையும் பொருளுடையதாகிறது.

இவ்விடத்தில் நம்மைப் போன்ற ஆசிரியர்களும் சற்றே நிதானிக்க வேண்டும். மேடைகளிலும் பத்திரிகைகளிலும் ‘நாம் பாட்டாளிகள்’ என்று முழங்குவோரில் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உறுதிப்பட்டோர் எத்தனை பேர்? காலைக் கூட்டத்தில் மாணவர் முன் நின்று ‘நாம்’ என்னும்போது, மாணவியின் நனைந்த சப்பாத்து அச்சொல்லுக்குள் வருகிறதா? இக்கட்டுரையில் நாம் கையாளும் ‘நாம்’ என்பதும் இவ்வினாவுக்கு விலக்கன்று.

ஆராதனையின் சொற்களையே மாற்றிவிட்டால் இச்சிக்கல் தீருமென்று நினைத்தவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான பலிபூசைகளுக்குப் பின்னும் கிறிஸ்தவ நாடுகள் பிற நாடுகளைக் கொள்ளையிட்டது எப்படி என்ற வினாவை அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய, நற்கருணையும் மனித விடுதலையும் பற்றிய தம் நூலில் 1970-களில் எழுப்பினார். அங்கிலிக்கன் குருவான யொஹான் தேவானந்த குருநாகலுக்கு அருகே இப்பாகமுவவில் 1957-இல் தேவசரணாராமய என்னும் ஆசிரமத்தை நிறுவியவர். பின்னாளில் அங்கு உருவான ‘புதிய உலக வழிபாடு’ பிற சமய நூல்களின் சிந்தனைகளுக்கும் பொதுவுடைமையாளரின் சிந்தனைகளுக்கும் இடமளித்தது. துணிவான முயற்சி அது, ஐயமில்லை. எனினும் அந்த வழிபாட்டுக்கு உயிர் கொடுத்தது அதன் வாசகத் தொகுப்பன்று என்றே நாம் கருதுகிறோம். அதை நடத்தியவர் சுற்றுப்புற விவசாயிகளோடு வாழ்ந்து அவர்களின் காணிப் பிரச்சினையில் இறங்கியவர். அவ்வாழ்க்கையை விட்டுவிட்டு வாசகத்தை மட்டும் நகரத்துக் கோயிலொன்றில் படித்தால், புதிய சொற்களில் பழைய பொய்யையே சொல்வதாகும்.

எல்லாவற்றிலும் கடினமானது பாவ அறிக்கை. ‘நாங்கள் பாவம் செய்தோம்’ என்று சபை முழுதும் ஒரே குரலிற் சொல்ல வேண்டும். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். கடவுளின் முன் எல்லோரும் பாவிகள் என்ற உண்மையைக் கொண்டு, ஒருவனுக்கு எதிராக மற்றவன் செய்த குற்றத்தை மூடிவிட இதைவிட எளிய வழி இல்லை. பொதுவான குற்றம் என்பது பெரும்பாலும் எவர் தலையிலும் விழாத குற்றமாகிவிடுகிறது. ஆனால் வேதத்திலேயே இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. தானியேல் ஆகமத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், நேர்மையாளனான தானியேல் தன் இனத்தார் செய்த குற்றங்களைத் தன்மைப் பன்மையிலேயே அறிக்கையிடுகிறான். பிறர் சுமையோடு கலந்து தன் சுமையைக் குறைத்துக்கொள்ள அவன் அவ்வாறு செய்யவில்லை. தன்மீது விழாத சுமையை எடுத்துக்கொள்கிறான். அச்சொல் குற்றவாளியின் வாயில் ஒளிவிடம். குற்றமற்றவன் வாயில் பொறுப்பேற்பு.

1983 ஜூலையில் இத்தீவு எரிந்தது. மாத்தளையிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. அப்போது குருநாகல் மறைமாவட்டத்தின் பேராயராயிருந்தவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1962 முதல் அப்பொறுப்பை வகித்தவர், மனித உரிமைப் பணிகளில் முன்னின்றவர், சிங்களவர். கலவர வேளையில் இங்கிலாந்தில் இருந்த அவர், உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாது திரும்பி வந்து பாதிக்கப்பட்டோரைச் சென்று கண்டார், யாழ்ப்பாணத்துக்கும் சென்றார். தம் மறைமாவட்டத்தாருக்கு ஆற்றிய கடைசி உரையில், நடந்தது அறநெறிக்கு எதிரான குற்றமென்றும், சிங்களவர் என்ற முறையில் அதற்காக வெட்கப்பட்டுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றும் அவர் கூறினார். அவர் எவர் வீட்டுக்கும் தீ வைத்தவரல்லர். பொதுவாக மனிதர் பாவிகள் என்று சொல்லி எளிதில் நகர்ந்திருக்கலாம். அதே ஆண்டு அக்டோபர் 23-இல், 56 வயதில் அவர் காலமானார்.

அந்த மறைமாவட்டத்தின் சபைகள் பலவற்றில் இன்றும் சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் கூடுகின்றனர். ஒரு பகுதி சிங்களத்தில், ஒரு பகுதி தமிழில் என்று ஆராதனை நடக்கும். பிரசங்கத்தை ஒருவர் சொல்ல மற்றவர் பெயர்ப்பார். சிங்களத்தில் ‘அபி’ என்ற ஒரே சொல்தான் உண்டு. நாம் என்பதும் அதுவே, நாங்கள் என்பதும் அதுவே. குருவானவர் சபையை நோக்கி, இத்தீவில் நடந்தவற்றைக் குறித்து, ‘அபி’ தவறு செய்தோம் என்கிறார். பக்கத்தில் நிற்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு மூச்சு வாங்கும் நேரமே உண்டு. ‘நாம்’ என்று பெயர்த்தால், வீடிழந்தவளும் அக்குற்றத்திற் பங்காளியாகிவிடுகிறாள். ‘நாங்கள்’ என்று பெயர்த்தால், குருவானவர் தம் இனத்தாரோடு ஒரு புறமும் கேட்டிருக்கும் தமிழர் மறுபுறமுமாகச் சபை இரண்டாகிறது. ஆனால் மன்னிப்புக் கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார் என்பது அப்போதுதான் தெளிவாகிறது. குருவானவர் எதை எண்ணிச் சொன்னார் என்பதை மொழிபெயர்ப்பாளர் அவரிடமே திரும்பிக் கேட்கலாம். சபை காத்திருக்கும்; காத்திருப்பதில் தவறில்லை.